வேதக்காரி வரப்பு

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, அது காய்கிறவரை காலை நீட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் வீடுகளிலும் இந்த நேரத்துக்கு இதே வாசனைதான் வீசிக்கொண்டிருக்கும். நாம் எல்லோரும் ஒரு செட்டு. ஏறக்குறைய ஒரே வருஷத்தில் கண்ணாடி போட்டோம், ஒரே வருஷத்தில் சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்கினோம். இப்போது போதகர் கமிட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு போனதும், ஒரே மாதத்தில் சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்திவிட்டீர்கள். பெண்கள் பக்கத்தில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் மட்டும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவறாமல் வருகின்றன.

உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. பத்து வயதில், ஓர் ஆடி மாதத்தில், நான் ஒரு காரியம் செய்தேன். முப்பது வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மலைக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பரம்பரையாகச் சர்ச்சில் வளர்ந்தவள் என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது இல்லை. காவலூருக்கு அப்பால், ஒரு மேட்டைத் தாண்டி, பதினெட்டு வீடு கொண்ட ஊர் எங்களுடையது. பதினெட்டும் சாமை விதைக்கிற, புளி உலுக்குகிற, ஊர் எல்லையில் நட்ட கல்லைக் கும்பிடுகிற வீடுகள். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் கட்டிய வெள்ளைக் கூரை தூரத்து மரங்களுக்கு மேலே தெரியும். அது ஏதோ பெரிய பறவை இட்ட முட்டை என்றும், என்றைக்காவது பொரிக்கும் என்றும் பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம். இன்னும் பொரிக்கவில்லை.

வானம் பார்த்த நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். அதை உழுவதற்குச் சில முறைகள் உண்டு. அவை தெரியாவிட்டால் மற்றது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வீடுகளுக்கு உழவுக்கு ஒற்றைக் காளைதான். இரண்டுக்குத் தீனி போட்டுக் கட்டாது. அண்ணன் வீட்டு மாடு ஒன்று, தம்பி வீட்டு மாடு ஒன்று, இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி இரண்டு வீட்டுக் கொல்லையையும் உழுதுகொள்வார்கள். எங்கள் மாட்டுக்கு ஜோடி பெரியப்பா வீட்டு மாடு. பெரியப்பாதான் ஊர்க்கவுண்டர். அவர் நாள் குறிப்பார். எல்லைக் கல்லுக்குப் பொங்கல் வைத்து, வீட்டுக்கு ஒரு பெண் வந்து விழுந்து கும்பிட்ட பிறகுதான் ஊரில் முதல் ஏர் இறங்கும். பெண்கள் ஏரைத் தொடக்கூடாது. தொட்டால் மழை நின்றுவிடும். ஓர் ஆடி முழுக்க உழாமல் போட்ட கொல்லையை அடுத்த வருஷம் ஊரில் வசதியான பெரிய வீடு ஒன்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் முதல் சால், அதாவது ஏர் கீறுகிற முதல் கோடு. எங்கள் நிலமெல்லாம் சரிவு, எங்கு குத்தினாலும் கல். ஏர்முனைக் கொழுவையும் மாட்டுக் காலையும் பார்த்துக்கொண்டே ஓட்டினால் சால் பாம்பாக நெளிந்துவிடும். அதனால் எதிர் ஓரத்தில் ஒரு மரத்தைக் குறியாக வைத்துக்கொள்வார்கள். கண்ணை அதிலிருந்து எடுக்காமல் ஓட்டுவார்கள். கீழே கல் தட்டினால் கை பார்த்துக்கொள்ளும். முதல் சால் நேராக விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் அதை ஒட்டியே போய்விடும். கொல்லையைப் பார்த்தே உழுதவன் எப்படிப்பட்டவன் என்று ஊர் சொல்லிவிடும்.

அந்த ஆடிக்கு இரண்டு வருஷம் முன்னால் என் தம்பி பிறந்து நாற்பது நாளில் செத்துப்போனான். ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அம்மா கல்லுக்கு நேர்ந்த சேவலை மறந்துவிட்டாளாம். தீட்டோடு தண்ணீர் எடுத்தாளாம். அப்போதுதான் ஆலங்காயம் பக்கத்திலிருந்து சர்ச் ஊழியம் செய்கிற உபதேசியார் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். ரோடு முடிகிற இடம்வரை சைக்கிள், அப்புறம் நடை. தோளில் எப்போதும் வெள்ளைத் துண்டு. அவர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். ஒரு காரணமும் சொல்லவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முன்பின் தெரியாத ஆம்பளை ஒருவர் தன் பிள்ளைக்காக அழுததை அம்மா அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் அம்மா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். இன்னும் மூன்று வீட்டுப் பெண்களும் வாங்கிக்கொண்டார்கள். ஊர் அவர்களுக்கு வேதக்காரி என்று பெயர் வைத்தது. அப்பா சேரவில்லை, தடுக்கவும் இல்லை. "எந்த சாமினா இன்னா, சாமை வெளைஞ்சா போதும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாட்டுக் கொட்டகையில்தான் ஆராதனை. சாணி வாசனை, வைக்கோல் தூசி, நடுவில் உபதேசியாரின் குரல். பாட்டு என்றால் அப்படி ஒரு பாட்டு. மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். வாராவாரம் கிளம்பும்போது ஒன்றைச் சொல்வார்: "என்னைப் பாக்காதீங்கம்மா. நான் மண்ணு. இயேசுவைப் பாருங்க." அம்மா பயபக்தியோடு தலையாட்டுவாள். அவர் மேட்டைத் தாண்டி மறைகிறவரை அவரையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எனக்கும் அவரைப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் பொரிவிளங்காய் உருண்டை ஒன்று கொண்டுவருவார். அதை உடைக்க எனக்கு ஒரு கல் தேவைப்படும்.

அந்த வருஷம் வைகாசியில் அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார். போவதற்கு முன் கொல்லையின் கீழ்ப்பக்கம் புதரை வெட்டி, வேர் பறித்து, புதிதாக ஒரு துண்டு நிலத்தைச் சேர்த்திருந்தார். இரண்டு மாத வேலை அது. அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததை நான் பார்த்திருக்கிறேன். "அண்ணன் ஒழுதுடுவாரு, நீ வெதைச்சுடு. நான் அறுப்புக்கு வர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனியில் ஒரு ஞாயிறு உபதேசியார் வரவில்லை. அம்மா பாயை விரித்து, தண்ணீர்ச் செம்பை வைத்து, மதியம்வரை காத்திருந்தாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை. சந்தைக்குப் போய்வந்தவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். ஏறுகிற வழியில் பெரியப்பாவும் இன்னும் நான்கு பேரும் அவரை மறித்தார்களாம். இனி மேலே வந்தால் கால் இருக்காது என்றார்களாம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். இப்போது கீழே ஒரு அரிசி மில்லில் மூட்டை நிறுக்கிறாராம். சொன்னவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மற்ற மூன்று வீடும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உபதேசியாருக்கே இல்லாத வீம்பு எங்களுக்கு எதற்கு என்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அது நியாயமான கேள்விதான். கொட்டகையில் அம்மாவும் நானும் மாடும் மட்டும் மிஞ்சினோம். கடைசி முறை வந்தபோது அவர் தன் வெள்ளைத் துண்டைக் கொட்டகைக் கம்பத்தில் மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மா அதைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள், மறுபடி மடித்து வைப்பாள். பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டாள். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வாய் அசையாது. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி பிறந்தது. பெரியப்பா நாள் குறித்தார். அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல், கோழிக் கூடைப் பக்கம் நின்றார்.

"இந்தா பாரும்மா. உன் வூட்டுக்குள்ள நீ யாரைக் கும்புட்டாலும் நான் கேக்கப் போறதில்ல. நாளைக்கிக் கல்லாண்ட வந்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போய்டு. ஒண்ணே ஒண்ணு. என் மாடு அப்பவே உன் கொல்லையில நிக்கும்."

"மனசுல இல்லாத கும்புடு எதுக்கு மாமா?"

"எனக்கில்ல, ஊருக்கு. மழை வரலைன்னா பதினேழு வூடும் என் வாசல்ல வந்து நிக்கும். உனக்கு அந்த பேஜாரு இன்னான்னு தெரியுமா?"

அன்றைக்கு அவர் எனக்கு அரக்கனாகத் தெரிந்தார். இப்போது யோசித்தால் அவர் குரல் கெஞ்சியிருக்கிறது. ஒரு ஊரின் மழைக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்ட மனிதர். அவருக்கும் தூக்கம் வந்திருக்காது.

அம்மா உள்ளே போய்விட்டாள். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவரே போய்ட்டாரு" என்றாள். என்னிடம் சொன்னதா, வேறு யாரிடமாவது சொன்னதா என்று தெரியவில்லை.

நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மா போய்க் கும்பிட்டுவிட மாட்டாளா என்று எனக்கு ஆசையாக இருந்தது. மறுநாள் அவள் போகாதபோது நான் போனேன். வெல்லப் பொங்கல் வாசனை ஊரெல்லாம் வந்தது. இரண்டு மாதமாக என்னோடு விளையாடாத பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். நானும் வரிசையில் நின்று விழுந்து கும்பிட்டேன். எங்கள் வீட்டுக்கும் சேர்த்து நானே கும்பிட்டுவிட்டால் பெரியப்பா மாட்டைக் கொடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெரியப்பா தேக்கிலை நிறையப் பொங்கல் வைத்து என் தலையைத் தடவினார். ஆனால் "நீ கும்புட்டா செல்லாது கண்ணு, வூட்டுக்காரி வரணும்" என்று சொல்லிவிட்டார்.

நெற்றியில் குங்குமத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. என் உதட்டில் ஒட்டியிருந்த வெல்லத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, "பசி ஆறிச்சா?" என்று கேட்டாள். அதற்கு அடித்தே இருக்கலாம்.

பதினேழு கொல்லையும் உழுதாயிற்று. எங்களுடையது மட்டும் வெட்டிய புதர்க் கட்டைகளோடு கிடந்தது. ஆடி பாதி போய்விட்டது. ஒரு நாள் விடிந்ததும் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் ஏரைத் தோளில் தூக்கினாள். எங்கள் மயிலைக் காளையோடு, கன்று போடாத செவலைப் பசுவையும் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

"ம்மா, பசுவை ஏர்ல கட்டினா பாவம்னு சொல்வாங்க."

"பாவம்தான். வேற இன்னா பண்ண?"

பெண் ஏர் பிடிப்பது ஒரு குற்றம், பசுவை நுகத்தில் பூட்டுவது இன்னொன்று. ஒரே காலையில் இரண்டையும் செய்தவள் எங்கள் மலையில் வேறு யாரும் இருக்க முடியாது.

முதல் சால் புது நிலத்தின் கீழ் ஓரத்தில். எதிர்க் கோடியில் ஒரு வயதான நெல்லி மரம். அதுதான் குறி. ஆனால் அன்று மேகம் இறங்கி மலையே புகைந்துகொண்டிருந்தது. மரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத்தான் தெரிந்தது. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து உபதேசியாரின் வெள்ளைத் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"மரத்தடியில போய் நின்னு இத்தை விரிச்சுப் பிடி. நான் வந்து சேர்ற வரிக்கும் அசையாதே. இன்னா ஆனாலும் அசையாதே."

போய் நின்றேன். கையை உயர்த்தித் துண்டை விரித்தேன். நனைந்த மண் வாசனை. தொலைவில் அம்மா மாட்டை அதட்டுகிற சத்தம். அவளுக்கு அதட்டவே வரவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. காளை இழுத்தது, பசு மிரண்டது, ஏர் இரண்டு முறை சாய்ந்து எழுந்தது. பிறகு ஒரு வழியாக நகர ஆரம்பித்தது. மெதுவாக, ஆனால் நேராக என்னைப் பார்த்து வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா உழுகிறாள்! கை வலித்தாலும் துண்டை இறக்கவில்லை.

பாதிக்குமேல் வந்திருப்பாள். மேட்டில் பெரியப்பா வந்து நின்றார். பின்னால் ஊர் ஆட்கள் ஏழெட்டுப் பேர். அவர் கையில் தடி. அந்தத் தடியை அவர் எப்போதும்தான் வைத்திருப்பார். ஆனால் உபதேசியாரின் காலை ஒடிக்கப் போன தடி என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் நேராக நெல்லி மரத்தை நோக்கி இறங்கி வந்தார்.

நான் நகர்ந்தேன்.

ஓடவில்லை. அதைத்தான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடவில்லை, துண்டைக் கீழே போடவும் இல்லை. கை உயர்த்தியபடியே பக்கவாட்டில் ஒரு பாறைப் பக்கம் போனேன். பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். அம்மாவின் ஏரும் என் பின்னாலேயே திரும்பியது. துண்டு போன பக்கம் மாடு போனது, மாடு போன பக்கம் சால் போனது. மேட்டில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சால் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது.

பெரியப்பா கிட்டே வந்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. "கோணிப்போச்சு பாரும்மா. ஊரே சிரிக்குது. வுட்டுடு. ஒரு கும்புடு போடு, மீதியை நானே ஒழுது குடுக்கறேன்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நான் பாறைக்குப் பின்னால் பாதி ஒளிந்து, துண்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கண் என்னை விட்டுவிட்டது. என்னைத் தாண்டி, மேகத்துக்குள் எதையோ தேடியது. அவள் உதடு அசைந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அசைந்தது. "இயேசப்பா, இயேசப்பா" என்று மட்டும்தான் சொன்னாள். கையால் ஏரைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மேழிப் பிடியை அழுத்தி, மாட்டை ஓட்டினாள். இந்த முறை கெஞ்சவில்லை, அதட்டினாள். பெரியப்பா வழிவிட்டு ஒதுங்கவேண்டியதாயிற்று. பசுவும் நடந்தது. நெல்லி மரத்தின் வேரில் கொழு முட்டியபோதுதான் நின்றாள்.

நான் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. மேகத்தில் நான் நகர்ந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரியப்பாவின் மாடு எங்கள் கொட்டகை வாசலில் கட்டியிருந்தது. கயிற்றைப் பிடித்து வந்த பெரியம்மா, "பசுவை அவுத்து வுடச் சொன்னாரு. அது பாவமாம்" என்றாள். அம்மா பசுவை அவிழ்த்துவிட்டாள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஊருக்கே சேர்த்துப் பெய்தது, எங்கள் கொல்லையை மட்டும் விட்டுவிடவில்லை. பெண் ஏர் பிடித்தால் மழை நிற்கும் என்று அதற்குப்பின் யாரும் எங்கள் காதுபடப் பேசவில்லை. அம்மா அந்த வெள்ளைத் துண்டில்தான் விதைச் சாமையை முடிந்துகொண்டு போய் விதைத்தாள். அறுப்புக்கு அப்பா வந்தபோது துண்டு நைந்து, நூலாகி, எங்கேயோ போய்விட்டது.

உழும்போது கிளம்புகிற கல்லைப் பொறுக்கி முதல் சாலோரமாக அடுக்குவது வழக்கம். வருஷா வருஷம் அடுக்கி அது வரப்பாகிவிடும். எங்கள் வரப்பு நேராகக் கிளம்பி, பாதிக்குமேல் போய் வளைந்து, மறுபடி நிமிர்ந்து, நெல்லி மரத்தில் முடியும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "யாரு ஒழுதது, குடிகாரனா?" என்றார். பெரியப்பாதான் அதற்கு வேதக்காரி வரப்பு என்று பெயர் வைத்தார். கேலிக்கு வைத்த பெயர், நாளாக ஆக ஊர் அடையாளமாகிவிட்டது. அவர் கடைசிவரை கல்லைத்தான் கும்பிட்டார். ஆனால் சாகக் கிடந்தபோது அம்மாவைக் கூப்பிட்டு ஜெபம் செய்யச் சொன்னார்.

எல்லோருக்கும் அது சிரிப்பு. எனக்கு இல்லை. அந்த வளைவைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவேன். அம்மாவின் சாலைக் கோணலாக்கியது நான்தான். ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்ததும் நான்தான். நான் நர்ஸ் படித்ததும், கீழே வேலைக்கு வந்ததும், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனதும் ஒருவகையில் அந்தப் பன்னிரண்டு அடியைத் திரும்ப நடப்பதற்காகத்தான். நீங்கள் என்னைப் பக்திமான் என்றீர்கள். நான் பயந்துபோனவள், அவ்வளவுதான்.

நாற்பதாவது வயதில் ஒரு நாள், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், கண் ஆபரேஷனுக்கு ஒரு பெரியவர் வந்தார். சீட்டு எழுதும்போது என் ஊரைக் கேட்டார். சொன்னேன். அவர் அந்தப் பெயரை இரண்டு முறை திருப்பிச் சொன்னார். குரலை வைத்து, உபதேசியார் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

"மாட்டுக் கொட்டகை வூட்டுப் பொண்ணா நீ?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அப்போ ரெண்டு சின்னப் பசங்க. பயந்துட்டேம்மா. உங்க நாலு வூட்டையும் நடுவழியில வுட்டுட்டு வந்துட்டேன். அன்னையிலருந்து நான் யாருக்கும் ஒரு வார்த்தை பிரசங்கம் பண்ணல. என் வாய் அதுக்கு லாயக்கில்ல."

முப்பது வருஷம். மூட்டை நிறுத்துக்கொண்டே அந்த மனிதர் எங்களைச் சுமந்திருக்கிறார். நாங்களோ அவர் ஜாலியாக இருக்கிறார் என்று பேசிக்கொண்டோம்.

"அம்மா இன்னும் கும்பிடறாங்களா?" என்று கேட்கும்போது என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

கட்டுப் பிரித்து இரண்டு வாரம் கழித்து அவரை ஜீப்பில் ஏற்றி மேலே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கொல்லையில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க உபதேசியாரே. உங்க துண்டை நான்தான் கிழிச்சுட்டேன்."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. வரப்பு மேலேயே உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுது, நான் ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் மறுபடி சொன்னார். "என்னால உங்க வாழ்க்கை கோணிப்போயிருக்கும்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. "கோணலாக்கினது நான்மா. நீ அசையாதேன்னு சொன்ன. நான் அசைஞ்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நாற்பது வயதுப் பெண், நர்ஸ் உடுப்போடு, கொல்லையில் நின்று விம்மினேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதென்ன கூத்து என்கிற மாதிரி.

"இத்தையா இத்தினி வருஷமா வெச்சிக்கினு இருந்தீங்க ரெண்டு பேரும்?" என்றாள். "அவரும் நகந்தாரு, நீயும் நகந்த. ஆளுன்னா நகரத்தான் செய்யும். அங்க பாருங்க, மரம் எங்கியாவது போச்சா?"

நெல்லி மரம் காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதான வாராவாரம் சொல்வீங்க, என்னைப் பாக்காதீங்க, இயேசுவைப் பாருங்கன்னு? நான்தான் கேக்கல. கண்ணுக்குத் தெரியற உங்களைப் பாத்துக்கினு இருந்தேன். நீங்க போனதும் எனக்கு ஒண்ணுமே தெரியாம போச்சு. அன்னைக்கி ஏரைப் பிடிக்கும்போதும் அதே தப்பு. மரம் மங்கலா தெரியுதுன்னு துண்டைப் பாத்தேன். துண்டு போச்சு, நானும் போனேன். திரும்பி அந்தக் கோணலைப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது. மங்கலா தெரிஞ்சாலும் மரத்தைத்தான் பாக்கணும்னு. அதுக்கப்புறம் இன்னிக்கி வரிக்கும் நான் கண்ணை எடுக்கல உபதேசியாரே. எடுத்தாலும் மறுபடி வெச்சிக்கிறேன். அந்த வளைவைப் பாக்கறப்பல்லாம் ஸ்தோத்திரம்னு சொல்லுவேன்."

நான் பார்க்காமல் சுற்றிப்போன அதே வளைவைப் பார்த்து அவள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பது வருஷமாக, அதே கல்லைப் பார்த்து. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். புதுக் கண்ணல்லவா, எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்த்தார். வரப்பின் மேலேயே மெல்ல நடந்தார். வளைவு வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மீதியையும் நடந்து மரத்தடிக்குப் போய், ஒரு நெல்லிக்காயைப் பறித்துக் கடித்து, முகத்தைச் சுளித்தார். அன்று சாயங்காலம் எங்கள் மாட்டுக் கொட்டகையில் அவர் பாடினார். குரல் உடைந்துபோயிருந்தது. ஆனால் மாடு கேட்டது.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் போய்ப் பத்து வருஷமாகிறது. வரப்பு இருக்கிறது. போன வாரம்கூட பெரியப்பா வீட்டு அண்ணன் மகன் போனில் படம் எடுத்து அனுப்பினான். இப்போது அதை ஒட்டி டிராக்டர் ஓட்டுகிறவர்கள் அந்த வளைவில் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே திருப்புகிறார்களாம்.

தைலம் காய்ந்துவிட்டது. எழுந்து சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஆராதனை. புதுப் போதகர் சின்னப் பையன், பாட்டில் சுருதி சேரவில்லை. நான் எப்போதும்போல முன்னால் ஜன்னலோரப் பாயில் உட்கார்ந்திருப்பேன். வாருங்கள். ஆனால் நான் இருக்கிறேன் என்பதற்காக வராதீர்கள். நான் நகர்ந்துபோகிற ஆள்.